ஓபிடிகே எதையும் சேர்க்காமல் வாசித்த நாள்

ஓபிடிகே என்றால் எங்கள் இக்போ மொழியில் வீர நெஞ்சன் என்று பொருள். அந்தப் பெயரை வைத்ததற்காக அவர் தன் அப்பாவைக் குறை சொன்னதே இல்லை. "பாவம், பொறந்து எட்டு நாள் ஆன கொழந்தையில அவரு என்னத்தக் கண்டாரு? நான் அழுத சத்தத்தக் கேட்டு ஏமாந்துட்டாரு" என்பார்.

சத்தத்துக்கு மட்டும் குறைவே கிடையாது. மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வாத்தியாராக இருந்தபோது அவர் வாய்ப்பாடு சொன்னால் ஓடைக்கு அந்தப் பக்கம் கிழங்கு நடுகிறவர்களும் கூடவே சொல்வார்கள். அறுபத்தேழில் எங்கள் கிழக்குப் பகுதி பயாஃப்ரா என்று தனிநாடாகப் பிரிந்து, தலைநகர் லாகோஸின் படையோடு சண்டை மூண்டபோது, அந்தச் சத்தத்தைத் தேடிக்கொண்டு சாம்பல் நிற வேன் ஒன்று பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது. கூரைமேல் இரண்டு குழாய் ஸ்பீக்கர். ஊர் ஊராகப் போய் அறிவிப்புச் செய்ய ஆள் வேண்டுமாம். அவருக்குக் குரல் இருந்தது, படிக்கத் தெரிந்தது, போர்முனைக்குப் போக மட்டும் துளியும் ஆசையில்லை. அன்று மதியமே வண்டியில் ஏறிவிட்டார்.

தினமும் காலையில் டைப் அடித்த காகிதம் ஒன்று கைக்கு வரும். "பொதுமக்கள் பதற்றம் அடைய வேண்டாம்" என்கிற மாதிரி இரண்டு வரி இருக்கும், அவ்வளவுதான். மீதி நாற்பது வரியும் அவருடைய கைச்சரக்கு. எனுகு நகரத்தில் நின்றுகொண்டு, "எதிரியோட பீரங்கிக்குள்ள குருவி கூடு கட்டியிருக்கு, சுட்டா குஞ்சுதான் வெளிய வரும்" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்துக் கை தட்டியது. மூன்றாம் நாள் எனுகு விழுந்தது. அவருடைய வேன் அதற்கு முந்தின நாளே ஊரைத் தாண்டியிருந்தது.

"பொய் சொல்லணும்னு நான் நெனச்சதே இல்ல. ஆனா யாராவது கை தட்டிட்டா எனக்கு நிதானம் போயிரும். நம்ம குடும்ப வியாதி அது" என்று பிற்காலத்தில் சொல்வார். அவர் குடும்பத்தில் வேறு யாருக்கும் அந்த வியாதி இருந்ததில்லை.

அடுத்து ஆபா நகரம், அதற்கடுத்து உமுவாகியா. எல்லா இடத்திலும் இதே கதைதான். அவர் "இங்கேயே இருங்க, ஒரு தூசும் விழாது" என்பார், வீடுகள் விழும். கடைசியில் சந்தைப் பெண்கள் அவர் பேச்சைக் கேட்பதையே விட்டுவிட்டார்கள். வேன் வந்து நின்றால் ஒருத்தி மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு வருவாள். "வண்டி மூக்கு எந்தப் பக்கம் பாக்குது?" என்று மற்றவர்கள் கேட்பார்கள். மூக்கு தெற்கே பார்த்திருந்தால் தெற்கே ஓடுவதற்கு மூட்டை கட்டத் தொடங்குவார்கள்.

இந்த வித்தையை முதலில் கண்டுபிடித்தவள் அவருடைய மனைவி உரிடியாதான். ஆபா சந்தையில் துணி விற்றுக்கொண்டிருந்தாள். கணவன் மைக்கில் முழங்குவதைக் கேட்டபடியே துணிகளைச் சுருட்ட ஆரம்பித்தாள். பக்கத்துக் கடைக்காரி ஏன் என்று கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரரு சமையக்கட்டுல எலி ஓடினா கட்டில் மேல ஏறி நிக்கிற ஆளு. அந்த ஆளு இவ்வளவு தைரியமாப் பேசுதுன்னா ஏதோ பெரிய ஆபத்து வருதுன்னு அர்த்தம். கெளம்பு கெளம்பு."

அன்று அவளோடு கிளம்பியவர்கள் எல்லாரும் பிழைத்தார்கள். அப்போதிருந்து ஒரு கூட்டம் அவளைவிட்டு நகரவே இல்லை. அகதி முகாமில் இருந்தாலும் காட்டில் இருந்தாலும், உரிடியா எழுந்தால் எழும், உட்கார்ந்தால் உட்காரும்.

கூட்டத்தோடு சேர்ந்து அவருடைய மூன்று பிள்ளைகளும் அலைந்தார்கள். இரண்டு பெண்கள், கடைசியில் அசூக்கா என்ற பையன், நாலு வயது. அறுபத்தொன்பது ஆகஸ்டில் ஒரு நாள், முகாமிலிருந்து வந்த ஒருவர் வேன் ஓரத்தில் நின்று ஓபிடிகேயிடம் சொன்னார்: பையனுக்கு வயிறு உப்பி, தலைமுடி செம்பட்டையாகி, போன வாரம் போய்விட்டான். ஓபிடிகே கேட்டுக்கொண்டார். அவர் கையில் அன்றைய காகிதம் இருந்தது. பால் பவுடர் வந்திருக்கிறது, குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று அதில் எழுதியிருந்தது. மைக்கை எடுத்தார். "இனிமே இந்த நாட்டுல ஒரு கொழந்தையும் பசியால சாகாது" என்று முழங்கினார். அந்த வரி காகிதத்தில் இல்லை. கை தட்டினார்கள்.

அதற்குப் பிறகு அவர் முகாம் பக்கம் போகவே இல்லை. பெட்ரோல் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது ஒன்றுதான் அந்தக் காலத்தில் அவர் சொன்னதில் பாதியாவது உண்மை.

எழுபது ஜனவரியில் எல்லாம் முடிந்தது. பயாஃப்ராப் படை சரணடைந்த செய்தி வந்தபோது வேன் நிஜமாகவே பெட்ரோல் தீர்ந்து, உமுசீலே என்ற சின்ன ஊரின் மிஷன் பள்ளிக்கூடத்து மைதானத்தில் நின்றிருந்தது. டிரைவர் எட்டிம் வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். லாகோஸ் படையின் லாரிகள் வருவதைப் பார்த்ததும் ஓபிடிகே இரண்டு கையையும் தூக்கினார். ஒரு கையில் மைக் இருந்தது. பழக்கதோஷம், அதை அணைக்கவில்லை. அவருடைய பல் கிட்டுகிற சத்தம் இரண்டு ஸ்பீக்கர் வழியாக அரை மைல் தூரத்துக்குக் கேட்டது. சிப்பாய்கள் ஏதோ புது ரக மிஷின் கன் என்று நினைத்துத் தரையில் படுத்துவிட்டார்களாம். "லாகோஸ் படையைத் தரையில படுக்க வெச்ச ஒரே பயாஃப்ராக்காரன் நான்தான்" என்று அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் படைக்கு டெர்கிம்பி என்ற கேப்டன் தலைவர். நாட்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த டிவ் இனத்தவர், முப்பது வயதுகூட ஆகியிருக்காது. கிழக்கைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் வரைபடம் மட்டும்தான். ஒரு வார்த்தை இக்போ வராது. மூன்று நாள் கழித்து அவர் கையில் ஒரு தட்டச்சுத் தாளோடு வந்தார். நாட்டுத் தலைவர் முந்தின நாள் வானொலியில் பேசிய உரையின் சுருக்கம் அது. சண்டை முடிந்தது; யாரையும் பழிவாங்க மாட்டோம்; எல்லாரும் மறுபடியும் ஒரே நாட்டு மக்கள்; வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை.

"வாத்தியாரே, இந்தக் காட்டுக்குள்ள எரநூறு பேராவது ஒளிஞ்சிருக்காங்க. பசியில கெடக்காங்க. இங்க பீன்ஸ் இருக்கு, உப்பு இருக்கு, கருவாடு இருக்கு. நான் ஆள அனுப்பினா இன்னும் உள்ள ஓடுறாங்க. உங்க பாஷையில இத வாசிச்சு அவங்கள வெளிய வர வைங்க" என்றார் கேப்டன்.

ஓபிடிகேவுக்கு நெஞ்சு விம்மியது. வாழ்க்கையில் முதல் தடவையாக நல்ல சரக்கு கைக்கு வந்திருக்கிறது. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை என்பதோடு நிறுத்த மனசு வரவில்லை. அண்ணன் தம்பி கட்டிப்பிடித்து அழுகிற காட்சி ஒன்றைச் சேர்த்தார். பிறகு வானவில், அதற்கப்புறம் ஒரு வெள்ளைப் புறா. மாலைவரை விடாமல் பேசினார்.

வடக்கேயிருந்து வந்த தூசிக்காற்றுதான் பதில் சொல்லியது. காட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை.

மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் ஒரே ஒரு கிழவர் கோலூன்றிக்கொண்டு மரங்களுக்கு நடுவிலிருந்து வந்தார். ஓபிடிகே ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக் கேப்டனிடம் இழுத்துவந்தார். "பாத்தீங்களா சார்! என் பேச்சு வேல செய்யுது!"

கிழவர் அவரைத் தாண்டிப் பீன்ஸ் அண்டாவுக்கு நேராக நடந்தார். அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. மூன்று நாளாக நடந்த சொற்பொழிவில் ஒரு எழுத்துகூட அவரை எட்டவில்லை. வாசனை பிடித்து வந்திருக்கிறார்.

இரண்டு தட்டு காலியானதும் கிழவர் தானாகவே பேச ஆரம்பித்தார். "உள்ள ஓடைக்கரையில எல்லாரும் இருக்காங்கப்பா. இந்த வண்டி கத்த ஆரம்பிச்சதும் எடத்த மாத்தி இன்னும் உள்ள போயிட்டாங்க. ஒரு பொம்பள சொல்றா, இந்தக் குரல் எதச் சொன்னாலும் அதுக்கு எதிராச் செய்யணுமாம். கைய ஆட்டி ஆட்டிக் காட்டினா. ஒசரமான பொம்பள, முன்பல்லுல சந்து. கூட ரெண்டு பொண்ணுங்க."

ஓபிடிகே அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். உரிடியாவின் முன்பல்லில் சந்து உண்டு.

"தாத்தா, அவ நல்லா இருக்காளா?" என்று கத்தினார்.

"ஆமாப்பா, கொஞ்சம் மொளகா போட்டிருக்கலாம்" என்றார் கிழவர்.

"ரெண்டு பொண்ணுங்களும் நடக்குறாங்களா? ஒடம்பு எப்படி?"

"உப்பு சரியா இருக்கு."

கேப்டனிடம் ஓபிடிகே விஷயத்தைச் சொன்னார். கேப்டன் முகம் மலர்ந்தது. "உங்க சொந்த சம்சாரமா? அப்ப என்ன கவலை? இந்தப் பெரியவரோட நீங்களே உள்ள போங்க. கூட சிப்பாய் யாரையும் நான் அனுப்பல."

"முட்டி வலி சார்" என்றார் வீர நெஞ்சன்.

முட்டி நன்றாகத்தான் இருந்தது. கண்ணிவெடி, பாம்பு, வழிதவறிய சிப்பாய் என்று பயப்படக் காட்டில் நிறைய இருந்தும் அவை ஒன்றும் அவர் நினைவுக்கு வரவில்லை. பையன் செத்து ஐந்து மாதமாகியும் அவளை எட்டிப் பார்க்காத கால் அது, எந்த முகத்தோடு இப்போது நடக்கும்? மைக் இருந்தால் போதும், முகம் வேண்டாம். அதனால்தான் இரண்டரை வருடமாக அவர் அதை விடாமல் பிடித்திருந்தார்.

வேனுக்குள் உட்கார்ந்து தாளை வெறித்துப் பார்த்தார். மூன்று நாள் கத்தியும் பலனில்லை. இன்னும் நான்கு நாள் போனால் அந்த ஓடைக்கரையில் யார் மிச்சம் இருப்பார்கள்? அவருடைய பெண்களின் தலைமுடியும் செம்பட்டையாகியிருக்குமோ? தாளைத் தொடையில் வைத்துவிட்டு மைக்கைத் திறந்தார். புறா இல்லை, வானவில் இல்லை, முன்னுரையும் இல்லை.

"நான் ஓபிடிகே பேசறேன். எனுகுல பீரங்கிக்குள்ள குருவிக்கூடுன்னு சொன்னேன். பொய். நான் பீரங்கியவே பாத்ததில்ல. சத்தம் கேட்டப்பவே மூணு மைல் தள்ளி இருந்தேன்."

கேப்டன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆபாவுல எதிரிக்குச் சாப்பாடு தீந்துபோச்சுன்னு சொன்னேன். பொய். தீந்துபோனது நம்ம சாப்பாடு. உமுவாகியாவுல, கடைசி மனுசன் இருக்கற வரைக்கும் நானும் உங்களோடதான் இருப்பேன்னு சத்தியம் பண்ணேன். அத நான் சொல்றப்ப எட்டிம் வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டான். என்ஜின் சத்தத்த மறைக்கத்தான் அவ்வளவு கத்தினேன்."

காட்டுக்குள் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒரு பெண் குரல். அப்புறம் இன்னொன்று.

கேப்டன் திடுக்கிட்டார். "வாத்தியாரே, தலைவரோட உரையில சிரிக்கிற மாதிரி ஒண்ணும் இல்லையே?"

"எங்க பாஷையில சொன்னா கொஞ்சம் அப்படி வரும் சார்."

"நீளமாவும் இருக்கே?"

"விரியும் சார்" என்றார். மொழியைப் பற்றிச் சொன்ன இந்த இரண்டையும் ஒரே பொய்யாகச் சேர்த்தால் அன்றைய பொய்க் கணக்கு இரண்டு. முட்டி வலி முதலாவது.

அவர் தொடர்ந்து ஒவ்வொரு ஊராகச் சொல்லிக்கொண்டே போனார். சில ஊர்களில் தான் சொன்னது அவருக்கே மறந்திருந்தது. மரங்களுக்குப் பின்னாலிருந்து ஆட்கள் எடுத்துக்கொடுத்தார்கள். "எதிரிச் சிப்பாய் எல்லாம் பொம்பளத் துணி கட்டிட்டு ஓடறான்னு சொன்னியே, அது?" "அதுவும் பொய்தாம்மா!" "ஆத்துல முதல எல்லாம் நம்ம கட்சின்னு சொன்னியே?" "ஐயோ, அதையும் நானா சொன்னேன்?" சிரிப்பு கிட்டத்தில் கேட்க ஆரம்பித்தது.

திடீரென்று அத்தனை சிரிப்பும் அடங்கியது. அவருக்கு நன்றாகத் தெரிந்த குரல் ஒன்று, ஸ்பீக்கர் எதுவும் இல்லாமலே மைதானம் முழுக்கக் கேட்டது.

"வண்டி மூக்கு எந்தப் பக்கம் பாக்குது?"

ஓபிடிகே கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். வேன் வந்து நின்றபடியே ரோட்டைப் பார்த்து நின்றிருந்தது. பெட்ரோல் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். அந்தப் பழைய சாக்கு தன் வாயிலிருந்து வருவதை நினைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

"எட்டிம்! சக்கரத்தக் கழட்டு!"

"எதுக்குண்ணே? காத்து நல்லாத்தானே இருக்கு?"

"நாலையும் கழட்டுடா!"

எட்டிம் புலம்பிக்கொண்டே கழற்றினான். அவர் ஒவ்வொரு சக்கரமாக உருட்டிக்கொண்டுபோய்க் காட்டோரத்தில் போட்டார். மூன்றாவது சக்கரம் அவர் கைமீறி உருண்டு பீன்ஸ் அண்டாவை நோக்கிப் போனது. இரண்டு சிப்பாய்கள் பாய்ந்து பிடித்தார்கள். வேன் சக்கரமில்லாமல் முட்டுக்கட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தது. நாலாவது சக்கரத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்தால் எதிரே உரிடியா.

எலும்பும் தோலுமாக நின்றாள். பின்னால் இரண்டு பெண்கள், அம்மாவின் இடுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு. அவள் அவரைக் கூர்ந்து பார்த்தாள்.

"இளைச்சுட்டே" என்றாள்.

அவர் பெண்களின் தலைமுடியைப் பார்த்தார்.

"அந்தத் தலைவரு என்ன சொன்னாருன்னு இப்பச் சொல்லு. மைக்கு வேண்டாம். நீ ஒண்ணும் சேக்காதே."

தாளை எடுத்து வந்தார். இருந்ததை இருந்தபடி வாசித்தார். மூன்று நாளாக நாள் முழுக்க நடந்த பேச்சு, எண்ணிப் பத்து வாக்கியத்தில் முடிந்துவிட்டது. அவருக்கே வெட்கமாக இருந்தது. கடைசி வரி, வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை.

உரிடியா கேப்டனைப் பார்த்தபடியே கணவனிடம் சொன்னாள்: "தோத்தவங்க யாரும் இல்லன்னா என் அசூக்கா எங்கன்னு இந்தத் தம்பியக் கேளு."

"என்ன சொல்றாங்க?" என்றார் கேப்டன்.

வேறு எந்த நாளாக இருந்தாலும் ஓபிடிகே, அந்த அம்மா தலைவருக்கு நன்றி சொல்கிறார் என்று சொல்லியிருப்பார். வாக்கியம்கூட வாயில் தயாராக இருந்தது. "எங்க பையன் பசியில செத்துட்டான் சார். நாலு வயசு. தோத்தவங்க இல்லன்னா அவன் எங்கன்னு கேக்கறா" என்றார். சொல்லும்போதே உடைந்துவிட்டார். பையனைப் பற்றி அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கேப்டன் தாளை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினார். பின்பக்கம் ஒன்றும் இல்லை. தொப்பியைக் கழற்றினார்.

"இதுல அதுக்கு பதில் இல்லம்மா. எனக்கும் தெரியல. எங்கூட வந்ததுல பாதிப் பேரு இப்ப இல்ல. அவங்க அம்மாங்களுக்கு என்ன எழுதறதுன்னும் எனக்குத் தெரியல."

ஓபிடிகே அதை ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் மொழிபெயர்த்தார்.

உரிடியா தலையசைத்தாள். "சரி. இந்தத் தம்பி தெரியலன்னா தெரியலன்னு சொல்லுது" என்றாள். காட்டுப் பக்கம் திரும்பிக் கையைத் தட்டினாள். மரங்களுக்குள்ளிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். அண்டாவில் பீன்ஸ் அன்று போதவில்லை. இரண்டாம் தடவை வைக்க வேண்டியிருந்தது. கிழவர் இரண்டாம் தடவையிலும் முதல் ஆளாக நின்றார்.

உரிடியா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் அவரைக் கூட்டிக்கொண்டு பழைய முகாமுக்கு நடந்துபோய், பையனைப் புதைத்த இடத்தைக் காட்டினாள். அங்கே அவர் என்ன பேசினார் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவரைப் பற்றி அவரே கேலி செய்துகொள்ளாத ஒரே இடம் அது.

உரையில் சொன்னபடி சிலது நடந்தது. பள்ளிக்கூடம் திறந்தது, வேலை திரும்பக் கிடைத்தது, யாரும் அவரைச் சிறையில் போடவில்லை. சிலது நடக்கவில்லை. துறைமுக நகரத்தில் உரிடியாவின் அண்ணன் கட்டிய வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள், கடைசிவரை காலி செய்யவில்லை. எழுபத்தொன்றில் ஒரு பையன் பிறந்தான். ஓசோமேனா என்று பெயர் வைத்தார்கள். இன்னொரு தடவை இது நேர வேண்டாம் என்று பொருள். அந்த வருடங்களில் எங்கள் பக்கம் தெருவுக்கு ஒரு ஓசோமேனா இருந்தான்.

ஓபிடிகேயின் பெயர் மட்டும் தேறவே இல்லை. அவர் "இன்னிக்கு மழை வரும்" என்றால் பக்கத்து வீட்டுக்காரி துணியைக் கொடியில் காயப்போடுவாள். அதில் அவருக்கு வருத்தம் இல்லை. "ஊருக்கே நான் உபயோகமா இருக்கேன். தலைகீழா" என்பார்.

பிறகு தலைமையாசிரியராக வந்தவர் வெளியூர்க்காரர், பழைய கதை தெரியாதவர். ஜனவரி பதினைந்து, போரில் இறந்தவர்களை நினைக்கும் நாளன்று, அந்த உரையைப் பிள்ளைகள் முன்னால் வாசிக்க நல்ல குரல் உள்ள ஆளைத் தேடினார். ஓபிடிகே மூன்று தடவை மறுத்துப் பார்த்தார். கடைசியில் மேடை ஏறி, தாளை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, ஏற்றம் இறக்கம் எதுவும் இல்லாமல் வாசித்து முடித்தார். தலைமையாசிரியருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"என்ன சார், ரயில் டைம்டேபிள் மாதிரி வாசிக்கிறீங்க? கொஞ்சம் உணர்ச்சி வேண்டாமா?"

"எனக்கு இப்படித்தான் சார் வரும்" என்றார்.

இருந்தாலும் அவர் மனுஷன்தானே. பிள்ளைகள் கை தட்டினார்கள். அந்தப் பழைய வியாதி எட்டிப் பார்த்தது. அடுத்த வருடம் வாசிக்கும்போது, கடைசி வரிக்குக் கொஞ்சம் முன்னால் அவரையறியாமல் குரல் உயர்ந்தது. ஒரு கை மேலே எழும்பியது. மைதானத்தின் கடைசியில், பயறு வடை விற்கிற தட்டோடு உட்கார்ந்திருந்த உரிடியா சத்தமாக இருமினாள்.

கையைக் கீழே இறக்கினார். விரலால் வரியைத் தேடிக் கண்டுபிடித்து, மீதியை வாசித்தார்.